பொன்னும் கருமணலும்: பல் கட்டிய வரலாறு

தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கத்தில் தொடங்கித் தங்கத்திலேயே முடிப்பார்கள். லவேல் துரை வந்தது, ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியது என்று நம் சங்க மலர்களில் படித்துப் படித்து நமக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. இம்முறை மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "பல்லைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். சிரித்தார்கள். தங்கவயலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நான் பல் வைத்தியன் அல்லன். ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். (ஜைனர் என்றாலே சேட்டு என்று எண்ணி என்னிடம் இந்தியில் பேசத் தொடங்குபவர்கள் இன்றும் உண்டு, நமக்கு வீட்டிலும் கோயிலிலும் தமிழ்தான்.) 1974இல் பதினான்கு வயதில் அப்பாவுக்குத் துணையாகக் கடைக்கு வந்தேன். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று உலோகங்களோடு ஐம்பது ஆண்டுகள் பழகிய பழக்கத்தில்தான் இந்தப் பல் விஷயம் எனக்குப் புரிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அப்பாவின் முன்பல் ஒன்றுக்குத் தங்க உறை போட்டிருந்தார். அந்தக் காலத்தில் பெங்களூரிலும் சென்னையிலும் சீனாக்காரர்கள் பல் கட்டும் கடை வைத்திருந்தார்கள். தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாகக் கற்ற தொழில் அது. அப்படி ஒருவரிடம்தான் அப்பா கட்டிக்கொண்டார். அப்போது பல்லில் பொன் கட்டுவது ஒரு அந்தஸ்து. அப்பா சிரித்தால் கடையில் விளக்குப் போட்டாற்போல இருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது அது கையோடு வந்துவிட்டது. உறை மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த பல்லும் சேர்ந்து வந்தது. தங்கம் போட்ட அன்று இருந்தபடியே பளபளவென்று இருந்தது. அடியில் இருந்த வேர் கரைந்து கறுத்துப் போயிருந்தது. அந்த உறை இன்றும் கடை இரும்புப் பெட்டியில் ஒரு காகிதத்தில் மடித்து இருக்கிறது. விற்க மனம் வரவில்லை.

தங்கம் கெடவில்லை, வேர்தான் கெட்டது. அப்படியானால் வேரையே தங்கத்தில் செய்தால் என்ன என்று அப்போதே எனக்குத் தோன்றிற்று. இதே கேள்வியை உலகத்தில் வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள் என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது.

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம் பழமொழி. நம் சமண முனிவர்கள் பாடிய நாலடியாரில் 'இளமை நிலையாமை' அதிகாரம் முதுமையைக் காட்டும்போது, தளர்ந்த சொல், ஊன்றிய கோல் ஆகியவற்றோடு கழன்ற பல்லையும் சேர்த்தே காட்டுகிறது. திகம்பர முனிவர்களுக்கு உரிய 28 மூலகுணங்களில் பல் துலக்காமை என்பதும் ஒன்று. உடம்பைப் பேணுவதில் பற்று வைக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விரதம். இல்லறத்தானுக்கு அது விதியன்று. பல் கழன்றால் கழலட்டும் என்று விட முனிவரால் முடியும்; மூன்று வேளை சோறு தின்கிற நம்மால் முடியாது.

பல் வைத்தியத்தின் பழைமைக்கு நம் துணைக்கண்டத்திலேயே சான்று இருக்கிறது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கரில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழிகளில், ஒன்பது பேருடைய பதினோரு கடைவாய்ப் பற்களில் துளையிட்டிருந்ததைக் கண்டு 2006இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கல் முனை கொண்டு உயிரோடு இருக்கும்போதே இட்ட துளைகள். ஆனால் அது இருக்கிற பல்லுக்குச் செய்த வேலை. இல்லாத பல்லுக்கு மாற்று வைப்பது வேறு வித்தை.

அதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லைக் கவனியுங்கள். பல் 'வைத்தான்' என்று சொல்வதைவிடப் பல் 'கட்டினான்' என்பதே நம் வழக்கு. கட்டு என்றால் கயிறு, கம்பி வேண்டுமல்லவா? மேற்கே கிடைத்துள்ள மிகப் பழைய மாற்றுப் பற்கள் உண்மையாகவே கட்டப்பட்டவைதாம். லெபனானின் சிதோனில் கிடைத்த பழைய பினீசியத் தாடை எலும்பு ஒன்றில் முன்பற்களைத் தங்கக் கம்பியால் பின்னி, மாற்றுப் பற்களையும் அதிலேயே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இத்தாலியின் எத்ருஸ்கர்கள் சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன்பே தங்கப் பட்டையை வளையமாக்கிப் பக்கத்துப் பற்களில் மாட்டி, நடுவே மனிதப் பல்லையோ மாட்டுப் பல்லையோ ஆணியடித்து நிறுத்தினார்கள். இன்று 'பிரிட்ஜ்' என்கிறோமே, அதன் பாட்டி இதுதான். பொன்னைக் கம்பியாக இழுக்கலாம், தகடாகத் தட்டலாம். எச்சிலிலும் புளியிலும் கறுக்காது. வாய்க்குள் வைக்க இதைவிடத் தோதான உலோகம் அந்நாளில் இல்லை.

பொன் பல் ஆசையும் அப்படியே பழையது. மார்க்கோ போலோ சீனத்தின் யுன்னான் பக்கம் பல்லுக்குத் தங்கத் தகடு போட்டுக்கொள்ளும் மக்களைக் குறித்து எழுதியிருக்கிறார். நம் நாட்டில் கர்ணன் கதையே போதும். போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணன் வேடத்தில் போய்த் தானம் கேட்கிறான். கொடுக்க வேறொன்றும் இல்லாத கர்ணன் தன் பொன் பல்லைக் கல்லால் உடைத்துக் கொடுக்கிறான். வாய்மொழியாகப் பல ஊர்களில் வழங்கும் கதை. நம் வில்லிபாரதத்தில் இது கிடையாது. அங்கே கர்ணன் தான் செய்த புண்ணியத்தைத் தாரை வார்க்கிறான். எது உயர்ந்த தானம் என்று பட்டிமன்றம் வைக்கலாம். எனக்கென்னவோ, கர்ணன் வாய்க்குள் பொன் எப்படி நின்றது என்பதில்தான் யோசனை போகிறது.

இடைக்காலத்துக் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். யானைத் தந்தம், நீர்யானைத் தந்தம், செத்தவர் வாயிலிருந்து எடுத்த பல் என்று எல்லாவற்றையும் முயன்றார்கள். 1815 வாட்டர்லூ போரில் இறந்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும் மனிதப் பல்லும் உலோகமும் சேர்ந்த செட் அது. பிறகு பீங்கான் பல், 1850களில் ரப்பர் ஈறு, 1930களின் கடைசியில் இன்றைய அக்ரிலிக் பிளாஸ்டிக். 1907இல் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு எடுத்து, மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல் தொழிலில் பரப்பினார். சுவாமிமலை ஸ்தபதிகள் நடராஜரை வார்ப்பது எப்படியோ அப்படியே. சாமிக்கு ஆயிரம் வருடமாக நாம் செய்த வேலை பல்லுக்கு வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஆக, எத்தனை பொருள் மாறினாலும் முறை இரண்டே இரண்டுதான். ஒன்று, பக்கத்துப் பல்லைப் பிடித்துத் தொங்குவது. இன்னொன்று, ஈற்றின் மேல் உட்கார்வது. பக்கத்துப் பல் ஆடினால் முதலாவது போயிற்று. இரண்டாவதன் சங்கடம் வேறு. பல்லைத் தாங்குவதற்காகவே தாடையில் ஒரு வரப்பு எலும்பு இருக்கிறது. பல் போனதும் அதற்கு வேலை இல்லை; வேலை இல்லாத எலும்பை உடம்பு மெல்லக் கரைத்துக்கொள்கிறது. வருடம் ஏற ஏற வரப்பு தேய்ந்து தரையாகும். கீழ்த் தாடையில் இது கூடுதல். நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வயதானவர்களின் கீழ்ப் பல்செட் பேசும்போதே எழும்பி எழும்பி விழுகிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே ஒருவர் வாயில் பார்த்தேன். சாம்பியன் ரீஃபில் டிரில் மெஷின் பிடித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னை நைனாரே என்பார். சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். அடியில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். அங்கே பீடி பற்றவைக்க முடியாது என்று பலர் புகையிலை மெல்லுவார்கள். அவரும் மென்றார். சுற்று வட்டாரக் கிணற்று நீரில் புளோரைடு வேறு அதிகம். கோலார் மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகளின் பல்லில் அந்தப் பழுப்புக் கறையை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுரங்கம் மூடியபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வந்த பணம் இரண்டு பெண்களின் கல்யாணத்துக்குப் போயிற்று. அறுபதுக்குள் பல் எல்லாம் போயிற்று. பல்செட் கட்டிக்கொண்டார். மேல் செட் நின்றது. கீழ்ச் செட்டை எப்போதும் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார்.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னுவாங்க. எனக்குச் சொல்லு இருக்குது நைனாரே, சோறுதான் போச்சு" என்பார். களியைக் கரைத்துக் குடிப்பார். ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவின் தங்க உறையை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "முப்பது வருசம் இதுக்குத்தான் கல்லு உடைச்சேன். செஞ்சு வச்ச தங்கத்தை இவ்வளவு கிட்டத்துல இப்பத்தான் பாக்கறேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நூற்றிருபது ஆண்டுகளில் இங்கிருந்து சுமார் 800 டன் தங்கம் போயிருக்கிறது. கல் மட்டும் அவர்கள் கையில் வந்தது. கட்டி அவர்கள் கண்ணில் படாமல் வண்டி ஏறியது.

இனி வேருக்கு வருவோம். 1931இல் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராசில் போபெனோ தம்பதியர் அகழ்ந்தபோது, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட மாயர்காலக் கீழ்த் தாடை ஒன்று கிடைத்தது. முன்பற்கள் மூன்று இருக்க வேண்டிய குழிகளில் பல் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள் இருந்தன. செத்த பிறகு அலங்காரத்துக்கு வைத்தது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1970இல் பிரேசில் நாட்டுப் பேராசிரியர் போபியோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கிறது. உயிரோடு இருந்தவர் வாயில் வைத்த வேர்! விலையுயர்ந்த பொருள் ஒன்றும் இல்லை. கடலோரத்தில் பொறுக்கிய ஓடு.

தங்க வேரை முயன்றவர் மாஜியோலோ. 1809ஆம் ஆண்டு, பிரான்சு நாடு. பல் பிடுங்கிய குழியில் தங்கத்தில் செய்த வேரை இறக்கி, ஆறிய பின் மேலே பல்லைப் பொருத்துவது அவர் திட்டம். திட்டத்தில் குறை ஒன்றும் இல்லை, இன்றைய முறையும் ஏறத்தாழ அதுவே. ஆனால் ஈறு வீங்கிற்று, வலித்தது, நிற்கவில்லை. நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் கிரீன்ஃபீல்ட் 1909இல் பதிவு செய்த வேர், பிளாட்டினக் கம்பியால் பின்னிய கூண்டு. பற்றவைப்பு 24 காரட் தங்கம். 1930களின் இறுதியில் பாஸ்டனில் ஸ்ட்ராக் சகோதரர்கள் கோபால்ட் கலந்த உலோகத்தில் திருகாணி செய்து இறக்கினார்கள், சில நின்றன. 1960களில் லிங்கோ என்பவர் தகடு வடிவில் செய்தார். பெரும்பாலும் நடந்தது இதுதான்: அந்நியப் பொருள் உள்ளே வந்ததும் உடம்பு அதைச் சுற்றி நார்த்தசையால் ஒரு பை கட்டிவிடும். முள் குத்திய இடத்தில் கட்டுவதுபோல. பைக்குள் இருக்கும் வேர் எலும்பைத் தொடாது. மெல்ல மெல்ல ஆடும். ஒருநாள் வெளியே வந்துவிடும்.

விடை வந்தது பல் வைத்தியரிடமிருந்து அல்ல. ஸ்வீடன் நாட்டில் பிரோனமார்க் என்ற மருத்துவர் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1952இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த சிறு பார்வைக் குழாயைப் பதித்து, அதன் வழியே உருப்பெருக்கியில் பார்ப்பார். ஆராய்ச்சி முடிந்தது, விலையுயர்ந்த குழாய், கழற்றி அடுத்த முயலுக்குப் போடலாம் என்று பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டது. நடுவில் நார்ப்பை இல்லை. எலும்பு உலோகத்தின் மேலேயே வளர்ந்து ஒட்டியிருந்தது. இதை ஒரு தொல்லை என்று தள்ளாமல், இதுவே பெரிய செய்தி என்று எடுத்துக்கொண்டதுதான் அவர் பெருமை. (சமணத்தில் பிறந்த எனக்கு அந்த முயல்களை நினைத்தால் மனம் ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. அந்த அறிவால் பயன்பெற்றவனும் நானே.)

1965இல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த் தாடையில் நான்கு டைட்டானியத் திருகாணிகளை வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறை உள்ளவர், பல்லும் இல்லை. அந்த நான்கும் லார்சன் 2006இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றன. இருந்தும் பல் வைத்தியப் பேராசிரியர்கள் எளிதில் நம்பவில்லை. 1982இல் கனடாவின் டொராண்டோவில் கூடிய மாநாட்டில் கணக்குகளை விரித்துக் காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றது. பிரோனமார்க் 2014இல் மறைந்தார்.

ஏன் டைட்டானியத்தை எலும்பு ஏற்றது, தங்கத்தை ஏற்கவில்லை? இங்கேதான் பாத்திரக் கடைக்காரனுக்கு வேலை. செம்புப் பாத்திரத்தைத் துலக்காமல் வைத்தால் களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் தேய்க்கிறோம். இரும்பில் துரு பிடித்து உதிரும். பொன்னில் களிம்பு இல்லை. அது காற்றோடு சேராது, நீரோடு சேராது, எதனோடும் சேராது. அதைத்தான் நாம் தூய்மை என்று கொண்டாடுகிறோம். நம் ஆகமங்களில் உயிரையும் வினையையும் விளக்க, கல்லோடு கலந்து கிடக்கும் பொன்னையே உவமையாகச் சொல்வார்கள். கல்லை நீக்கினால் பொன் தானாக நிற்கும். டைட்டானியம் இதற்கு நேர் எதிர். காற்றுப் பட்ட கணத்திலேயே அதன் மேல் ஒரு களிம்பு படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல். கீறினால் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதும் இப்படி ஒரு தோலால்தான். ஆனால் டைட்டானியத்தின் தோல் அதனினும் கெட்டி. எலும்பு தொடுவது உலோகத்தை அல்ல, அந்தத் தோலை. உடம்பு நீரில் உள்ள சுண்ணமும் புரதமும் முதலில் அதன் மேல் படிகின்றன. பின் எலும்பின் உயிரணுக்கள் வந்து குடியேறுகின்றன. பொன்னின் எந்தக் குணத்துக்காக அதற்கு அத்தனை விலையோ, அந்தக் குணமே வேராக நிற்பதற்குத் தடையாயிற்று. எதனோடும் சேராதது எலும்போடு மட்டும் எப்படிச் சேரும்? எடையிலும் பாருங்கள், ஒரே அளவுத் துண்டு டைட்டானியம் தங்கத்தின் எடையில் கால்பங்குகூட வராது.

இந்த டைட்டானியத்தின் பிறப்பைத் தேடிப் போனபோதுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. இதை முதலில் கண்டவர் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார். 1791ஆம் ஆண்டு. மனாக்கன் என்ற ஊரின் ஓடையில் கிடந்த கருமணலில் கண்டார். அந்த ஊர் எங்கே இருக்கிறது? இங்கிலாந்தின் கார்ன்வால்! நம் தங்கவயலைத் தோண்ட வந்த 'கேப்டன்'கள் எந்த ஊர்? அதே கார்ன்வால். அங்கே தகர, செம்புச் சுரங்கங்கள் நொடித்தபோது கப்பல் ஏறியவர்கள். 1880களில் மைசூர் சுரங்கத்தில் சாம்பியன் ரேகையைப் பிடித்த கேப்டன் பிளம்மர் முதலானோர். தம் ஊர் ஓடையில் பல்லுக்கு வேராகும் உலோகத்தை விட்டுவிட்டு, பல்லுக்குத் தொப்பியாக மட்டுமே ஆகும் உலோகத்தைத் தேடி ஏழு கடல் தாண்டி நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை; கருமணலில் இருந்து அந்த உலோகத்தை மொத்தமாகப் பிரிக்கும் வழி 1940 வாக்கில் குரோல் என்பவர் சொன்ன பிறகுதான் கைகூடிற்று. 'டைட்டானியம்' என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியர் கிளாப்ரோத், 1795இல்.

நாமும் சும்மா இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதே கருமணல் குவிந்து கிடக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அவருக்கு வேண்டியது பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கான மோனசைட்டு. டைட்டானியம் உள்ள இல்மனைட்டுக்கு அப்போது மதிப்பில்லை. இன்று அதைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். கேரளத்தின் சவராவில் 2011இல் அம்மணலிலிருந்து டைட்டானியம் எடுக்கும் ஆலை தொடங்கியது, விண்வெளித் துறையின் தேவைக்காக. அதே மணவாளக்குறிச்சி மணலில் ஜிர்கானும் உண்டு. இன்று பல்லின் மேலே வெள்ளையாக வைக்கும் ஜிர்கோனியா உறை அந்த இனத்துக் கனிமத்திலிருந்து வருவதே. கீழே வேர் கருமணல், மேலே தலை வெண்மணல். நடுவில் பொன்னுக்கு இடமே இல்லை.

சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். 2012இல் எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு போயிற்று. பெங்களூரில் ஓரிடத்தில் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு. அதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து மில்லிமீட்டர் நீளத் திருகாணி. எலும்பு பிடிக்கக் கீழ்த் தாடையில் மூன்று மாதம், மேல் தாடையில் ஆறு மாதம் காத்திருப்பது பிரோனமார்க் வகுத்த முறை. எனக்கு ஒரே மாதத்தில் மேலே பல் வைத்துவிட்டார்கள். இன்று சிலருக்கு அப்படி வைக்கலாம், ஆனால் ஆள் பார்த்துச் செய்ய வேண்டும். நான்காம் மாதம் முறுக்கு கடித்தபோது ஆடிற்று. ஐந்தாம் மாதம் வந்துவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தேன்: துளி களங்கம் இல்லை. அப்பாவின் தங்க உறை போலவே இருந்தது. இம்முறை பழுது என் எலும்பில். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்பு வளர்வது தாமதமாகும். புகையிலையும் அதே கேடு செய்யும். மறுமுறை வேறு ஒருவரிடம், சர்க்கரையைக் குறைத்து, மாதங்கள் காத்திருந்து வைத்தது இன்றுவரை நிற்கிறது.

அந்தத் தோல்வியால் ஒரு நன்மை, என் நண்பருக்கு வழி கிடைத்தது. முழுவாய்க்கும் வேர் வைக்க லட்சக்கணக்கில் ஆகும்; அதற்கு அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் 2002இல் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இரண்டே இரண்டு வேர் வைத்து, அதன் மேல் கழற்றி மாட்டும் பல்செட் பொருத்துவதே முதல் சிகிச்சையாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டையில் பிரஸ் பட்டன் போல. இதைப் படித்துக் காட்டினேன். "புகையிலையை விடணுமா?" என்றார். "ஆமாம் அண்ணே." ஒரு வாரம் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு வந்து டப்பியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மகள்கள் இருவரும் பாதிப் பணம் போட்டார்கள். ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் செலவு குறைவு என்பதால் அங்கே போனோம். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலுக்குச் சோறு போடுவதே அந்த ரயில்தான். வேலைக்குப் போகும் பிள்ளைகள் நின்றுகொண்டே தூங்குவார்கள்.

எலும்பில் துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு 47 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே பட்டுப்போகும் என்று 1983இல் கோதன்பர்க்கிலேயே கண்டிருக்கிறார்கள். நான் வெளியே காத்திருந்தேன். வந்தவர் பஞ்சைக் கடித்தபடியே, "நம்ம மெஷின் மாதிரியேதான் நைனாரே. தண்ணி வுட்டு, நிறுத்தி நிறுத்தித்தான் துளை போடறானுங்க. தூசி கிளம்பல" என்றார். சுரங்கத்தில் தூசி அடங்கத் தண்ணீர். இங்கே சூடு அடங்கத் தண்ணீர். அந்தத் தூசி குடித்து இளைத்துப்போன தன் கூட்டாளிகளின் பெயர்களை ரயிலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நான்கு மாதம் கழித்துப் பல்செட்டை மாட்டிவிட்டார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். நாக்கால் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. அன்று திரும்பும்போது பங்காருப்பேட்டையில் ரயில் நின்றது. ஜன்னல் வழியே வறுத்த வேர்க்கடலை இரண்டு பொட்டலம் வாங்கினார். ஒன்றை என்னிடம் நீட்டினார். பொழுது சாய்ந்துவிட்டது, நான் சாப்பிட முடியாது என்பது அவருக்குத் தெரியும். "காலையில தின்னுக்கோ" என்று சொல்லிவிட்டு, தன் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு கடலையாகக் கடிக்க ஆரம்பித்தார். சாம்பியன் ஸ்டேஷன் வரும் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.